கொழுந்தன் மாட்டிய விளக்கு

என் அக்காவுக்குக் கோபம் வராது. அதுதான் அவளுடைய பெரிய குறை. அவளுக்குச் சேர வேண்டிய கோபத்தையும் சேர்த்து எனக்கே கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

அத்தான் மாரடைப்பில் போன பிறகு அவள் தனியாக இருந்தாள். முன்னறையில் தையல் மெஷின், சுவரோரம் வெட்டும் மேஜை. பள்ளிச் சீருடை, திரைச்சீலை, கிழிந்த பேன்ட் எல்லாம் வரும். சட்டைக்குக் காலர் வைப்பதில் கெட்டிக்காரி என்பதால் ஆண்களும் நிறைய வருவார்கள். வேலைக்குப் போகிறவன் பொழுது சாய்ந்த பிறகுதானே துணி வாங்க வர முடியும்? இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

எதிர்வீட்டில் அவள் கொழுந்தனும் அவன் மனைவியும். அண்ணன் இல்லாத வீட்டுக்குத் தான்தான் காவல் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. ஆள் நடமாடினால் தானாக எரியும் சென்சார் விளக்கு ஒன்றை வாங்கி வந்து, யாரையும் கேட்காமல் ஏணி போட்டு வாசலுக்கு மேலே மாட்டினான். அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாசப்படி வரைக்கும் வெளிச்சம் விழுந்தா போதும் தம்பி."

"சும்மா இருங்க அண்ணி. திருடன் தூரத்துல வரும்போதே பளிச்சுனு எரியணும். அப்பதான் எங்க வீட்டுல இருந்தே தெரியும்."

விளக்கின் அடியில் தூரத்தைக் கூட்டும் திருகைக் கடைசிவரை திருப்பி, சென்சாரின் முகத்தைத் தெருப்பக்கம் சாய்த்து வைத்தான். அவ்வளவுதான். பூனை போனால் எரிந்தது. சைக்கிள் போனால் எரிந்தது. தெருநாய் சோம்பல் முறித்தால்கூட எரிந்தது. அக்கா வீட்டு வாசல் கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

மறுவாரமே எதிர்வீட்டு ஓரகத்தி ஆரம்பித்தாள்.

"என்னக்கா, நேத்து உங்க வாசல் அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு?"

"பூனைம்மா."

"பூனையா? சரிதான்."

அந்தச் 'சரிதான்' தெரு முழுக்கச் சுற்றி வந்தது. கடையில் இரண்டு பெண்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து வை என்று கொழுந்தனிடம் கேட்டால், "மடியில கனம் இல்லாதவங்களுக்கு என்ன பயம் அண்ணி?" என்று சிரித்தானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அதைப் பிடுங்கி எறி. நான் வந்து எறியவா?"

"இப்ப கழட்டினா, எதையோ மறைக்கத்தான் கழட்டினேன்னு சொல்லுவாங்கடி."

ஆண்களைப் பகலில் வரச் சொன்னாள். பாதிப் பேர் வேறு தையல்காரரிடம் போய்விட்டார்கள். மாலையானால் கதவைச் சாத்திக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். வாய்விட்டு ஒரு வார்த்தை திட்டவில்லை. அவளை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம்தான் முதலில் வருகிறது, அழுகை அப்புறம்தான்.

ஒருநாள் இருட்டிக் கொஞ்ச நேரத்தில் கதவு தட்டும் சத்தம். துணி வாங்க யாரோ வந்திருக்கிறார்கள் என்று திறந்திருக்கிறாள். வந்தவன் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்து கழுத்துச் சங்கிலியைப் பிடித்தான். அத்தான் போட்ட சங்கிலி, அவள் விடவில்லை. அவன் அவளுடைய வலது கையை முறுக்கினான். தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். யாரும் வரவில்லை. சங்கிலியோடு அந்த வெளிச்சத்திலேயே நிதானமாக நடந்து போய்விட்டான்.

மணிக்கட்டில் எலும்பு முறிவு. இனி கத்தரி பிடிக்கிற கை அது இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொழுந்தன் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு மனைவியைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தான். நான் விடவில்லை.

"லைட் எரிஞ்சுதா?"

"எரிஞ்சுதே. அதெல்லாம் நல்லாத்தான் வேலை செய்யுது."

"அவன் உள்ள போனதைப் பாத்தீங்களா?"

அவன் பழத்தை எடுத்து மேஜையில் அடுக்கினான். மனைவிதான் பதில் சொன்னாள். "பாத்தோம். வழக்கமா வர்றவரா இருக்கும்னு நினைச்சோம்."

அக்கா கட்டுப்போட்ட கையை மெல்ல நகர்த்தி அவன் பக்கம் திரும்பினாள்.

"நான் கத்தினது கேக்கலையா தம்பி?"

"கேட்டுச்சு அண்ணி," என்றான். "உங்க ரெண்டு பேருக்குள்ள ஏதோ சண்டைன்னு, டிவி சத்தத்தைக் கூட்டி வச்சுக்கிட்டோம்."