பிஸ்கட் டப்பாவில் கிழக்கு ஜப்பான்

நகுமோ ஃபுசாயேவுக்கு வழி தெரியாது. நுமாதாவில் யாரைக் கேட்டாலும் அவளைப் பற்றி முதலில் இதைத்தான் சொல்வார்கள். பிறந்து ஐம்பத்தெட்டு வருடமாக அதே ஊர்தான். ஆனாலும் தபாலாபீசுக்கென்று கிளம்பி ரயில் நிலையத்தில் போய் நிற்பாள். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது வாயைக் கிளறினால், "கிளம்பத்தான் செஞ்சேன், பாதியில வழி தப்பிருச்சு" என்பாள். கேட்டவர்கள் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

இப்பேர்ப்பட்டவளிடம்தான் நாட்டின் பாதிச் சாலைகள் டப்பா டப்பாவாக அடைந்து கிடந்தன.

ஊருக்கு வெளியே ஆற்றங்கரைச் சாலையில், ஹோசாகா என்பவரின் பழைய கார் உடைக்கும் பட்டறையில் அவளுக்கு இருபது வருடமாக வேலை. கார் நசுங்கப் போவதற்கு முன் உள்ளே கிடப்பதையெல்லாம் எடுத்து வைக்க வேண்டும். குடை, செருப்பு, ஒற்றைக் கையுறை என்று ஏதேதோ வரும். கோயில் தாயத்துகளைத் தனிப் பையில் சேர்த்து, வருடக் கடைசியில் கோயிலிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவாள். அதோடு சீட்டுக்கு அடியிலோ டிக்கியிலோ இருக்கும், வழி சொல்லும் நேவிப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் மேப் டிஸ்கையும் எடுப்பாள். மற்ற பட்டறைக்காரர்கள் அதைக் குப்பையில் வீசுவார்கள். ஃபுசாயேவுக்கு மனசு வரவில்லை. வழி தெரியாதவளுக்குத்தானே வழியின் அருமை தெரியும். அரிசி பிஸ்கட் வந்த தகர டப்பாக்களில், கம்பெனி வாரியாக, வருட வாரியாக, கிழக்கு ஜப்பான், மேற்கு ஜப்பான் என்று பிரித்து அடுக்கி வைத்தாள். அந்தக் காலத்து மேப் ஒரே டிஸ்கில் அடங்காது, நாட்டை இரண்டாக வகுந்துதான் விற்றார்கள்.

"நகுமோசான், நீங்க போற இடத்துக்கே போய்ச் சேர மாட்டீங்க. உங்களுக்கு எதுக்கு இத்தனை மேப்பு?" என்று ஹோசாகா வாரம் ஒரு தடவையாவது கேட்பார்.

"வழி தெரிஞ்சவங்களுக்கு எதுக்கு முதலாளி மேப்பு?" என்பாள் அவள்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் டிஸ்கைத் தொலைப்பதில் கெட்டிக்காரர்கள். ஒருவர் மச்சானுக்கு இரவல் கொடுத்திருப்பார். இன்னொருவர் பத்திரமாக வைக்கிறேன் பேர்வழி என்று எடுத்து வைத்துவிட்டு, வைத்த இடத்தை மறந்திருப்பார். கம்பெனியில் கேட்டால் அதெல்லாம் நிறுத்திப் பத்து வருடமாகிறது என்று தலை குனிந்து மன்னிப்புக் கேட்பார்கள். அப்புறம் ஃபுசாயேவின் டப்பாதான் கதி. எங்கெங்கிருந்தோ தேடி வந்தார்கள். அவள் டிஸ்கைத் தேடி எடுத்து, மூக்குக்கண்ணாடித் துணியால் துடைத்து, காரில் போட்டு ஓட்டிக் காட்டி அனுப்புவாள். அந்த வேலை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அக்டோபர் முதல் வாரம் ஒரு திங்கட்கிழமை காலையில் கனாய் ஷிகெஜி வந்தார். வயது எழுபத்து நான்கு, மலையடிவாரக் கிராமத்துக்காரர். பதினேழு வருடப் பழைய வெள்ளைக் காரிலிருந்து இறங்கி, கைத்துண்டில் சுற்றியிருந்த ஒன்றை மேசைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளே ஒரு மேப் டிஸ்க். வெயிலில் வெளுத்து, கீறல் விழுந்து, நடு ஓட்டையில் இன்னும் நைலான் கயிறு தொங்கிக்கொண்டிருந்தது.

ஃபுசாயேவுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. "சீமைப்பனிச்சை மரமா?"

"ஆமா. என் வீட்டுக்காரி கட்டிட்டா."

கார் தகுதிச் சோதனைக்குப் போவதற்கு முன் வீட்டுக்காரம்மா காரைத் துடைத்துச் சுத்தம் செய்திருக்கிறாள். காரைக் குப்பையாகக் கொடுத்தால் மெக்கானிக் என்ன நினைப்பான்! சீட்டுக்கு அடியில் இருந்த பெட்டியைத் தூசி தட்டப் போக, டிஸ்க் வெளியே வந்திருக்கிறது. கேட்காத பாட்டு டிஸ்க் என்று நினைத்து, பழம் கொத்தும் காக்கையை விரட்ட மற்ற டிஸ்குகளோடு மரத்தில் கட்டித் தொங்கவிட்டுவிட்டாள். மூன்று வாரம் காற்றில் கிளையோடு மோதிக்கொண்டு கிடந்திருக்கிறது.

"காக்கா வரலையே?" என்றார் ஹோசாகா, தேநீர் உறிஞ்சிக்கொண்டே.

"ஒண்ணுகூட வரல. அதுதான் எனக்கு இன்னும் வயித்தெரிச்சல்."

டிஸ்கைப் போட்டுப் பார்த்தார்கள். பெட்டி அதை இரண்டு தடவை சுழற்றிப் பார்த்துவிட்டு வெளியே துப்பிவிட்டது. "இத விடப் புதுசு ஒண்ணு தரேன், கனாய்சான். இதே காருக்கு வந்ததுதான், நாலு வருசம் பிந்தின மேப்பு" என்று ஃபுசாயே டப்பாவை இழுத்தாள். கிழவர் பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்! புதுசப் போட்டா பெட்டி தன்னத்தானே புதுப்பிச்சுக்கும். நான் பதிஞ்சு வச்ச எடமெல்லாம் அழிஞ்சுரும். எனக்கு இதேதான் வேணும். இதே வருசம், இதே மஞ்சள் லேபிள், கிழக்கு."

"அப்படி என்ன பதிஞ்சு வச்சிருக்கீங்க?"

கிழவர் கூரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். ஹோசாகா கோப்பையைக் கீழே வைத்தார். "ஓஹோ... நீங்க அந்த கனாயா! ஊர்த் திருவிழாவுல பொதுவா வைக்கிற சூப்புச் சட்டிக்கு முப்பது வருசமா மைதாகே காளான் கொண்டாந்து போடற கனாய்!"

அந்தப் பக்கத்தில் மைதாகே என்றால் சும்மா இல்லை. ஆழ்மலையில், வயதான கருவாலி மரத்தின் அடியில், வருடத்தில் பத்தே நாள் முளைக்கும் காளான். கண்டவன் இடத்தை வெளியே சொல்ல மாட்டான். பெற்ற பிள்ளைக்குக்கூடச் சொல்லாமல் கண்ணை மூடியவர்கள் உண்டு. கனாய் ஷிகெஜிக்கு மலை மொத்தமும் உள்ளங்கை மாதிரி என்று ஏழு கிராமத்தில் பேச்சு.

"அது அப்படி இல்ல" என்றார் கிழவர், குரலைத் தாழ்த்தி. "எனக்குச் சுத்தமா வழி தெரியாது. முன்னெல்லாம் மரத்துல சிவப்பு நாடா கட்டித்தான் போவேன். இந்த நேவி வந்த பிறவுதான் நிம்மதி. இருபத்து மூணு எடம் பதிஞ்சிருக்கேன். இந்த வருசம் நான் வெறுங்கையோட வந்தா... ஊருக்குத் தெரிஞ்சுரும். ஷிகெஜிக்கு மலை தெரியாது, மெஷினுக்குத்தான் தெரியும்னு சிரிப்பாங்க. சீசன் முடிய ஒரு வாரம்தான் இருக்கு."

சொல்லி முடித்தபோது அவர் காது சிவந்திருந்தது. ஃபுசாயேவுக்கு அந்த மனுஷரைக் கட்டிக்கொண்டு அழலாம் போல இருந்தது. தன்னைப் போல ஒருவரை அவள் அதுவரை சந்தித்ததே இல்லை.

பதினோரு டப்பாவையும் இறக்கினாள். மஞ்சள் லேபிளில் அந்த வருடம் மூன்று இருந்தன. ஒன்று விளிம்பில் விரிசல் விட்டிருந்தது. மற்ற இரண்டும் மேற்கு ஜப்பான். ஒசாக்காவில் காளான் தேடுவதானால் சரி. மத்தியானச் சோற்றுருண்டையைக்கூடப் பிரிக்காமல், பின்னால் நசுங்கக் காத்திருந்த கார்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். ஒன்றிலும் இல்லை.

இன்னொன்று எங்கே இருக்கிறது என்று அவளுக்குக் காலையிலிருந்தே தெரியும். வாசலில் நிற்கும் அவளுடைய சொந்தக் காரில். அதே பெட்டி, அதே மஞ்சள் லேபிள், கிழக்கு.

அதைக் கொடுத்துவிட்டால் புதுப் பதிப்பைத்தான் தன் காரில் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டால் அவள் பதிந்ததெல்லாம் போகும். பல் டாக்டர், பூனை டாக்டர், தங்கை வீடு, கூட்டமில்லாத வெந்நீர் ஊற்று, பனிக் காலத்தில் வழுக்காத சுற்றுப்பாதை என்று அறுபத்தெட்டு இடம். மற்றவர்கள் தலைக்குள் வைத்திருக்கும் ஊரை அவள் அந்தப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். கை கழுவும் தொட்டிக்குப் போய் இரண்டு தடவை கை கழுவினாள். கொடுக்காமல் இருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் பல் டாக்டர் வருடம் முழுக்க இருப்பார், காளான் இன்னும் ஒரு வாரம்தான் இருக்கும். போய்த் தன் காரைத் திறந்தாள்.

கிழவரின் காரில் டிஸ்க் உள்ளே போயிற்று. பெட்டி முனகியது. திரை விழித்துக்கொண்டது.

"திரும்பிக்குங்க" என்றார் கனாய்.

"என்னது?"

"திரையில எடமெல்லாம் தெரியும். தப்பா நினைக்காதீங்க. திரும்பிக்குங்க. நீங்களுந்தான், ஹோசாகாசான்."

தன் டிஸ்கையே கொடுத்தவள் முதுகைக் காட்டி நின்றாள். பின்னால் பொத்தான் அழுத்தும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. அவளும் மனசுக்குள் எண்ணினாள். இருபத்து மூன்றாவது சத்தத்துக்குப் பிறகு கிழவர் மூக்கை உறிஞ்சினார்.

"எல்லாம் இருக்கு" என்றார்.

அவர் போன பிறகுதான் ஹோசாகாவுக்கு விஷயம் தெரிந்தது. "பைத்தியமா நீங்க? இன்னிக்கி வீட்டுக்கு எப்படிப் போவீங்க?" என்று கத்தினார். கத்தியதோடு நிற்காமல், தன் வண்டியில் முன்னால் போய் வழி காட்டவும் செய்தார். வீட்டு வாசலில் நின்று ஃபுசாயே புது டிஸ்கைப் போட்டாள். பத்து நிமிடம் திரை கறுத்துக் கிடந்தது, அப்புறம் 'பதிவான இடங்கள்: இல்லை' என்று வந்தது. பிறகு, நின்ற இடத்தையே 'வீடு' என்று பதிந்துவிட்டு உள்ளே போய்ப் பூனைக்குச் சோறு வைத்தாள்.

அந்த வாரமே வெள்ளிக்கிழமை கனாய் மறுபடி வந்தார். செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தைப் பிரித்ததும் பட்டறை முழுக்க மைதாகே வாசனை. திருவிழாச் சட்டியும் நிறைந்துவிட்டதாம். டிஸ்கை எங்கிருந்து எடுத்துக் கொடுத்தாள் என்பதை ஹோசாகா அவரிடம் போட்டு உடைத்திருந்தார். கிழவர் ஃபுசாயேவைத் தனியாக டயர் குவியலுக்குப் பின்னால் கூட்டிப்போய், நான்காக மடித்த காகிதத்தைக் கையில் வைத்தார். அதில் ஒரே ஒரு நீள எண் இருந்தது. நேவியில் தட்டினால் ஓர் இடத்துக்குக் கூட்டிப்போகும் எண்.

"உங்களுக்காக ஒரு மரத்துல பறிக்காம விட்டு வச்சிருக்கேன். வண்டி நிக்கிற எடத்துலேருந்து ஓடைய இடது கைப் பக்கம் வச்சுக்கிட்டு இருவது நிமிஷம் நடங்க. கரடி சத்தம் கேட்டு ஒதுங்கிப் போக, இடுப்புல மணி கட்டிக்கிட்டுப் போங்க."

ஃபுசாயே குனிந்து வணங்கினாள். அவரும் வணங்கினார். இரண்டு பேரும் மாறி மாறி வணங்கிக்கொண்டிருந்ததை ஹோசாகா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை எண்ணைத் தட்டினாள். அவளுடைய வெற்று நேவியில் 'வீடு'க்கு அடுத்ததாகப் பதிந்தது அதுதான். கனாயின் கிராமத்தைத் தாண்டி, மலையைச் சுற்றிச் சுற்றி, நாற்பது நிமிடம் காட்டுப் பாதையில் கூட்டிப்போய், 'வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்றது. இறங்கி, மணி குலுங்க, ஓடையை இடது கையால் தொட்டுவிடும் தூரத்தில் வைத்துக்கொண்டு நடந்தாள். சரியாக இருபதாவது நிமிடம் பெரிய கருவாலி தெரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கிளம்பிய இடத்திலிருந்து தேடிய இடத்துக்கு நேராக வந்திருக்கிறோம் என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

மரத்தடியில் யாரோ குந்தியிருந்தார்கள். தலையில் துண்டு கட்டிய ஒரு பாட்டியம்மா, இடுப்பில் கூடை, கையில் காளான்.

"மணிச் சத்தம் கேட்டுச்சு. கரடி மணி கட்டிக்கிட்டு வராதேனு பார்த்தேன்" என்றாள் அவள். "நீங்கதான டிஸ்க் குடுத்தவங்க? அவர் ரெண்டு நாளா ஒங்க பேச்சுதான். நான் தொமியே, கனாய் வீட்டுக்காரி."

"கனாய்சான் ஒங்களுக்கும் இந்த எடத்தச் சொல்லிட்டாரா?"

தொமியே வாயைப் பொத்திச் சிரித்தாள். "அவராவது சொல்றதாவது! இந்தப் பக்கம் வாங்க." நாலடி மேலே கூட்டிப்போய்க் கிளையை விலக்கிக் காட்டினாள். கீழே, கூப்பிடு தூரத்தில், ஓட்டுக் கூரை வீடு ஒன்று. பக்கத்தில் சீமைப்பனிச்சை மரம். அதில் டிஸ்குகள் பளிச் பளிச்சென்று வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன.

"எங்க வீடு. கொல்லைப்பக்கமா ஏறினா பத்து நிமிஷம்."

ஃபுசாயே தான் வந்த வழியைப் பார்த்தாள். பிறகு வீட்டைப் பார்த்தாள். "அப்போ அவர்... மலையச் சுத்தி வந்து..."

"முப்பது வருசமா. மொதல்ல நாடா கட்டிக்கிட்டு வந்தார், பொறவு நேவி. நான் பின்கதவு வழியா ஏறி வந்து, கொஞ்சம் எடுத்துக்கிட்டு அவருக்கு மீதி வச்சுட்டுப் போவேன். இன்னும் அஞ்சாறு எடமும் இப்படித்தான்."

"நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே? அந்த டிஸ்க் போனதுக்கு அவர் பட்ட பாடு..."

தொமியேவின் சிரிப்பு அடங்கியது. "தெரியாமத்தாம்மா கட்டினேன். அந்த ஒரு வாரம் மனுசனுக்குச் சோறு எறங்கல. எனக்கும்தான். பல தடவ வாய் வரைக்கும் வந்துச்சு. வாங்க, எடம் இந்தா கொல்லையிலதான் இருக்குனு சொல்லிறலாம்னு. சொல்லியிருந்தா சட்டியில காளான் விழுந்திருக்கும். ஆனா அவர் மறுபடி மலைக்குப் போயிருக்க மாட்டார்."

கூடையிலிருந்து பெரிய கொத்தாக எடுத்து ஃபுசாயேவின் பையில் திணித்தாள். கையில் இருந்ததைத் தன் கூடையில் போட்டுக்கொண்டாள்.

"கீழ வந்து தேநீர் குடிக்கச் சொல்லணும், முறைதான். ஆனா எந்த வழியா எறங்கி வந்தீங்கனு அவர் கேப்பாரு. வந்த வழியாவே போயிருவீங்கள்ல?"

"ஓடைய வலது கைப் பக்கம் வச்சுக்கணும்" என்றாள் ஃபுசாயே. அதைத் தானே யோசித்துச் சொன்னதில் அவளுக்கே ஆச்சரியம்.

திங்கட்கிழமை காலை பட்டறை திறப்பதற்குள் வெள்ளைக் கார் வாசலில் நின்றது. கனாய் கண்ணாடியை இறக்கி, யாராவது கேட்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கேட்டார். "கண்டுபிடிக்க முடிஞ்சுதா? ரொம்பத் தொலைவு இல்ல?"

"ரொம்பத் தொலைவு, கனாய்சான்" என்றாள் ஃபுசாயே. "நேவி மட்டும் இல்லாட்டி யாராலயும் போய்ச் சேர முடியாது."

கிழவர் மெல்லத் தலையாட்டினார். நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.