கீழிருந்து மேலே வாசித்தவர்

கால்புள்ளிக்காரர் முப்பத்தோரு வருஷம் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் பிழை திருத்தினார். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் அது வேலையோடு சேர்ந்து ஓய்வு பெற்றுவிட்டது. அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாம் மாடி வீடு. அங்கே முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் கால்புள்ளி.

அவரிடம் ஒரு தொழில் ரகசியம் உண்டு. எதையும் கடைசி வார்த்தையில் தொடங்கி முதல் வார்த்தை வரை பின்னோக்கித்தான் வாசிப்பார். நேராக வாசித்தால் விஷயம் ஆளை உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடுமாம், பிழை கண்ணில் படாதாம். சும்மா சொல்லக் கூடாது, ஒரு பிழை தப்பாது. ஆனால் விஷயம் முழுசாகத் தப்பித்துவிடும். சொந்தப் பெரியப்பா காலமான அறிவிப்பையே அவர்தான் திருத்தினார். இரண்டு எழுத்துப்பிழை, ஒரு முற்றுப்புள்ளி. திருத்திவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்து, "பெரியப்பாவப் பாத்து ரொம்ப நாளாச்சு, ஞாயித்துக்கிழமை ஒரு எட்டு போய்ட்டு வரலாமா?" என்று மனைவியிடம் கேட்டார். அந்தம்மா அப்போதுதான் அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? ஓய்வு பெற்ற மறுநாளே சட்டைப்பையில் சிவப்புப் பேனாவோடு தெருவில் இறங்கிவிட்டார். காய்கறிக் கடைப் பலகையில் ஒவ்வொரு பன்மைக்கும் ஒரு அப்பாஸ்ட்ரபி குறி தேவையில்லாமல் தொங்குவதைப் பார்த்தால் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறும். 'உன்னுடைய' என்பதற்கும் 'நீ இருக்கிறாய்' என்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலைப் போடுகிறவர்களை ஜெயிலில் போட வேண்டும் என்பார். முடிவெட்டும் கடையில், கழுத்தில் கத்தி இருக்கும்போதே பலகையில் ஒரு 'எல்' அதிகம் என்று தலையை ஆட்டி, காதோரம் பிளாஸ்திரியோடு வந்து சேர்ந்தார்.

எல்லாவற்றையும் விட அவருக்குத் தீனி போட்டது கீழே லிஃப்டுக்குப் பக்கத்தில் இருந்த அறிவிப்புப் பலகைதான். குடியிருப்பின் செயலாளர் ஒரு ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மா. வீட்டுக்கு வீடு ஒரு மொழி பேசியதால் அறிவிப்பை ஆங்கிலத்தில்தான் எழுதுவார். ஆயிரம் ஊசி போட்ட கை அது. ஊசி குத்தினால் வலிக்காது, ஆங்கிலம் எழுதினால் வலிக்கும். கால்புள்ளிக்காரர் நின்ற இடத்திலேயே திருத்துவார். லிஃப்டுக்கு நிற்பவர்கள் எல்லாம் வேடிக்கை பார்ப்பார்கள்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒரு நாள் அடியில் ஒரு வட்டம் போட்டு, 'பத்துக்கு மூன்று, கவனம் தேவை' என்று எழுதிவிட்டார்.

மறுநாள் காலை நர்ஸ் அம்மா நடைக்கு வரவில்லை. எட்டு வருஷமாகத் தினமும் கால்புள்ளிக்காரரின் மனைவியோடு பூங்காவைச் சுற்றி நாலு சுற்று நடப்பவர். அந்தம்மா தனியாக ஒரு சுற்று நடந்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"ஏங்க, முப்பத்தோரு வருஷம் நீங்க பேப்பரோட குடும்பம் நடத்துனீங்க. வாய் விட்டுப் பேச எனக்குன்னு கிடைச்சது அந்த ஒரு அக்காதான். அதையும் சிவப்பு மையால அடிச்சிட்டீங்களே" என்றார்.

கால்புள்ளிக்காரருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. நேராகப் போய் நர்ஸ் அம்மா வீட்டு மணியை அடித்தார். கதவு திறந்தது.

"என்ன சார், காலிங் பெல்லுல ஏதாவது தப்பா?"

கதவு மூடிக்கொண்டது.

அன்றே பேனாவை மனைவியிடம் ஒப்படைத்தார். அந்தம்மா அதைச் சர்க்கரை டப்பாவுக்குள் புதைத்துவைத்தார். ஆறு வாரம் போனது. நர்ஸ் அம்மா நடைக்கு வரவே இல்லை. மனைவியும் அந்தப் பலகைப் பக்கம் போகவில்லை, பார்த்தால் அழுகை வந்துவிடும் என்று. கால்புள்ளிக்காரர் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பலகை முன்னால் நின்றுவிட்டு வருவார். ஏழாவது வாரம் ஒரு புது அறிவிப்பு வந்தது.

"அஞ்சு தப்பு. ஆனா நான் கை வைக்கல" என்று வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார்.

"என்ன போட்டிருக்கு?"

"அதான் சொன்னேனே, அஞ்சு."

மூன்றாம் நாள் காலை ஒன்பது மணி. கால்புள்ளிக்காரர் தலையிலிருந்து கால்வரை சோப்பு நுரையோடு குழாயைத் திருகினார். அது ஒரு செருமல் செருமிவிட்டு நின்றுபோனது. எல்லா மாடியிலும் ஒரே கூச்சல். துண்டைக் கட்டிக்கொண்டு மனைவியின் தோளைப் பிடித்தபடி தட்டுத்தடுமாறிக் கீழே போனார். அங்கே அவரைப் போல இன்னும் ஏழெட்டு நுரை உருவங்கள் நர்ஸ் அம்மாவைச் சூழ்ந்து நின்றன.

"தண்ணி நிக்கும்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"மூணு நாளா போர்டுல இருக்கு! தொட்டி கழுவுறோம், சாயங்காலம் வரைக்கும் தண்ணி வராதுன்னு." நர்ஸ் அம்மாவின் குரல் உடைந்தது. "ஒருத்தர் கூடவா அதப் பாக்கல?"

நுரை உருவங்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. கால்புள்ளிக்காரரும் நழுவியிருக்கலாம். கண்ணைத் திறக்க முடியாத நிலையில் யார் எவரென்று யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் அவர் நுரைக் கையைத் தூக்கினார்.

"நான் பாத்தேம்மா. அஞ்சு தடவ பாத்தேன்."

"பாத்தீங்களா? அப்புறம் ஏன் சார் சோப்பு போட்டீங்க?"

"அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதே!"

முதலில் சிரித்தது மனைவி. பிறகு நர்ஸ் அம்மா, அந்தம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, நிற்க முடியாமல். சிரித்து முடித்துத் தன் வீட்டு வாளியிலிருந்து ஒரு குவளை மொண்டு வந்தார். "அசையாம நில்லுங்க" என்று நோயாளியை மிரட்டுவது போல மிரட்டி அவர் கண்ணைக் கழுவிவிட்டார்.

"நீங்க சிவப்பு மை போட்ட வரைக்கும் எல்லாரும் நின்னு பாத்தாங்க, அப்படியே விஷயத்தையும் படிச்சாங்க. பேனாவ எடுங்க சார். மார்க் மட்டும் போட்டுராதீங்க."

மறுநாள் காலை பெண்கள் இருவரும் கைகோத்துக்கொண்டு நடைக்குக் கிளம்பினார்கள். கால்புள்ளிக்காரர் சர்க்கரை ஒட்டிய பேனாவோடு பலகைக்குப் போனார். புது அறிவிப்பு. வழக்கம்போல் அடியிலிருந்து தொடங்கினார். அடியில் நர்ஸ் அம்மாவின் கையெழுத்தில், சிவப்பு மையில் ஒரு வட்டம்: 'மூன்றாம் மாடி சார். திருத்துவது பத்துக்குப் பத்து. வாசிப்பது பத்துக்குப் பூஜ்யம். கவனம் தேவை.'

கால்புள்ளிக்காரருக்கு முகம் சிவந்தது. சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டார். பிறகு வாழ்க்கையில் முதல்முறையாக மேலிருந்து கீழே வாசித்தார்.

நாலு சுற்று முடித்து மனைவி வந்தபோது வாளி, அண்டா, குண்டான், டம்ளர், பூச்சாடி எல்லாம் தளும்பத் தளும்ப நிறைந்திருந்தன. நடுவில் கால்புள்ளிக்காரர் கரண்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது? போர்டு பாத்தீங்களா? எத்தனை தப்பு?"

"நாளைக்கும் தண்ணி வராதாம்" என்றார் அவர். "தப்ப எண்ண மறந்துட்டேன்."