கட்டைவிரல் அளவு அக்கா

எங்கள் வீட்டு ஐஸ்பெட்டிக் கதவில், எட்டு வயதில் நான் வரைந்த படம் ஒன்று இன்னமும் ஒட்டியிருக்கிறது. அதில் அக்கா கட்டைவிரல் அளவுதான் இருக்கிறாள். பார்க்கும்போதெல்லாம் எடுத்துவிடத் தோன்றுகிறது. கிழிக்கப் போனால் அவள் விடுவதில்லை.

ஐரோப்பாவின் பழைய தேவாலயங்கள் என்றால் அக்காவுக்குப் பைத்தியம். நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்தை விற்று, அங்கே வீடுகள் கட்டிவிட்டார்கள். நாங்கள் ஈப்போவில் ஓர் அடுக்குமாடியில் ஒண்டிக்கொண்டிருந்தோம். இவளோ எந்தச் சுவரில் யார், எதற்காக, என்ன வரைந்தார்கள் என்று நூலகப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருப்பாள். அதையே படிக்கக் கோலாலம்பூரில் பல்கலைக்கழக இடமும் கிடைத்தது.

"நம்ம கோயில் பக்கமே தலைகாட்டாத புள்ள, சர்ச்சப் படிக்கப் போவுதாம் லா!" என்று மாமா சிரித்தார். அப்பாவுக்கு மட்டும் பெருமை தாங்கவில்லை.

அந்த மாதமே அப்பாவின் சிறுநீரகங்கள் கைவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்ய யாராவது கூட்டிப் போக வேண்டும். அம்மாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. மாமா அதற்குப்பின் சிரிக்கவும் வரவில்லை, வேறெதற்கும் வரவில்லை.

ஒருநாள் அக்கா புத்தகத்தில் ஒரு படம் காட்டினாள். வானத்துக்கும் பூமிக்குமாக மாதா. காலடியில் கைகூப்பியபடி சுண்டைக்காய் அளவில் ஒரு மனிதர்.

"இவரு குள்ளமாக்கா?"

"இல்லடி. அப்பல்லாம் மதிப்பப் பாத்துத்தான் அளவு. ஊரெல்லாம் கொள்ளைநோய். வீட்டு ஆளுங்க பொழைக்கணும்னு இவரு இருக்கிறதையெல்லாம் கோயிலுக்குக் கொடுத்துட்டாரு. கொடுத்தவங்கள இப்படித்தான் காலுகிட்ட சின்னதா போடுவாங்க."

எனக்கு அந்த வித்தை பிடித்துப்போயிற்று. மறுவாரமே வரைந்தேன். தாள் நிறைய அப்பா, பக்கத்தில் அம்மாவும் நானும். அப்பாவின் வீங்கிய காலை எந்நேரமும் பிடித்துவிடுகிற அக்காவை அந்தக் காலடியிலேயே வைத்தேன்.

"நான் மட்டும் ஏன்டி இத்துணூண்டு?"

"காலுகிட்ட இருக்கிறவங்கள அப்படித்தான் போடணும்னு நீதானேக்கா சொன்ன!"

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் குழாய் ஓடியது. படம் நன்றாக இல்லை போலிருக்கிறது என்று பயந்துபோனேன். ஈர முகத்தோடு வந்து அவளே அதை ஐஸ்பெட்டியில் ஒட்டினாள்.

படிக்க வரவில்லை என்று அன்று காலைதான் அவள் பல்கலைக்கழகத்துக்குப் போனில் சொல்லியிருந்தாள். அவ்வளவு செய்தும் அப்பா பிழைக்கவில்லை. அந்த இடம் மறுபடி கிடைக்கவில்லை. அவளும் அந்த மாதிரிப் புத்தகத்தைத் தொடவே இல்லை. இப்போது அம்மா வேலை பார்த்த அதே தொழிற்சாலைக்குப் போய்வருகிறாள்.

படத்தில் நாங்கள் மூவரும் பெரிதாக நிற்கிறோம். எல்லோரையும் சரியான அளவில்தான் போட்டிருக்கிறேன். ஏன் சரி என்பதுதான் அப்போது எனக்குத் தெரியவில்லை.