எந்த ‘வாசல்’ வேணுமுங்க?

இன்றைக்கு மோகனூரில் ரெக்கார்டிங் கடை வசந்தாமணியைப் பார்த்தேன். நான் போனபோது அவர் ஒரு கரும்பாலை மேஸ்திரியைப் பாட வைத்துக்கொண்டிருந்தார். மேஸ்திரிக்கு ஐம்பது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை. பஸ்ஸுக்கு நிற்கிற ஜனமெல்லாம் திரும்பிப் பார்க்க, கண்ணை இறுக மூடிக்கொண்டு, ‘கதவைத் திறவாயோ’ என்று இழுத்துக்கொண்டிருந்தார்.

“போதுமுங்க, போதுமுங்க. உங்குளுது சாமி பாட்டு” என்றார் வசந்தாமணி. “நான் குடிகாரன் பாட்டுன்னு நெனச்சுப்போட்டேன்.”

“ஏனுங்க, என்னையப் பாத்தா அப்பிடியா இருக்குது?”

“மொகத்தப் பாத்துப் போட்டதெல்லாம் போன வருசத்தோட சரிங்க சாமி. இப்ப வாயத் தொறந்து பாடுனாத்தான் கேசட்டு.”

பஸ் ஸ்டாண்டை ஒட்டி, ஒற்றைக் கதவு அகலத்துக்கு ஒரு ரெக்கார்டிங் கடை. கூரை வரைக்கும் இசைத்தட்டுகள். நமக்குப் பிடித்த பாட்டுகளைச் சொன்னால் காலி கேசட்டில் பதிந்து தருவார். தட்டைத் துடைப்பது முந்தானையால். ஊசி துள்ளினால் அதன் தலையில் மெழுகு வைத்து ஒரு புளியங்கொட்டையை ஒட்டிவிடுவார், துள்ளல் நின்றுவிடும். நாள் முழுக்கப் பாட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிற அவர் ஒரு அடிகூட முணுமுணுத்து நான் கேட்கவில்லை. “நானும் பாடிப்போட்டா எது ரெக்கார்டு, எது நானுன்னு தெரியாமப் போயிருமுங்க” என்கிறார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. ஏன் சரி என்றுதான் இன்னும் புரியவில்லை.

சீட்டில் எழுதிக் கொடுத்தால் வாங்கவே மாட்டார், பாடித்தான் காட்ட வேண்டும். சீட்டில் பாட்டின் பேர்தானே இருக்கும்? பேரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தக் கடையில் ஒரு சாட்சி தினமும் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் ரேடியோ செட்டுக்காரர் காத்தான். போன வருஷம் அம்மன் நோன்பிக்கு ‘கதவைத் திறவாயோ’ என்று சீட்டு கொடுத்தார். அந்தப் பேரில் இரண்டு பாட்டு. ஒன்றில் பக்தன் சந்நிதியில் நின்று கேட்கிறான். இன்னொன்றில் குடித்துவிட்டு வந்த புருஷன் பெண்டாட்டியிடம் கேட்கிறான். கொட்டாயைச் சுற்றி எட்டுத் திக்கும் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயில் இரண்டாவது ஆள்தான் அம்மனைப் பார்த்துத் தள்ளாடினான்.

“அம்மன் கோவிச்சுக்கலீங்க” என்றார் காத்தான் என்னிடம். “பூசாரிதான் கோவிச்சுக்கிட்டாரு. எனக்கு இன்னும் பொங்கச்சோறு வரல.”

பாட்டுகள் மட்டுமல்ல, தட்டுகளுமே ஒரே பேரில் இருக்கின்றன. ‘எல்லைக்கல்’ என்று பழைய படம் ஒன்று, முழுக்க அழுகை. அதே பேரில் போன தீபாவளிக்கு ஒரு படம், முழுக்க ஆட்டம். வசந்தாமணி இவற்றைப் படத்தின் பேரால் பிரிப்பதில்லை. முதலில் யார் வந்து கேட்டார்களோ அவர்கள் பேரால் பிரிக்கிறார். அழுகிறது ‘வளையல்காரம்மா எல்லைக்கல்’. ஆடுகிறது ‘கம்பவுண்டர் எல்லைக்கல்’. கம்பவுண்டர் ஊசி போட்டுக்கொண்டே ஆடுகிற மனிதர் இல்லை. தன் பேரில் இப்படி ஒரு தட்டு இருப்பது அவருக்கு இந்த நிமிஷம் வரை தெரியாது.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் பக்கத்துக்கு ஒன்றாகச் சின்ன பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் பிறகு அந்தப் பக்கத்தில் வேறு எதையும் பதிய முடியாது. வசந்தாமணி அதைக் ‘காது’ என்கிறார். பதிந்து முடித்ததும் கொண்டை ஊசியை உருவி டக்கென்று காதை உடைத்து ஒரு பவுடர் டப்பாவில் போட்டுவிடுவார். “காதிருந்தா ஊருல பேசறதயெல்லாம் கேட்டு வெச்சுக்குமுங்க. அப்பறம் நாம போட்ட பாட்டு எங்க இருக்கும்?” டப்பாவைக் குலுக்கிக் காட்டினார். கலகலவென்றது.

மேஸ்திரி சாமி பாட்டோடு கிளம்பினார். அப்போதுதான் அந்த லாரி கடை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

இறங்கி வந்தவர் டிரைவர் நாச்சிமுத்து. முப்பதுக்குள் வயது. கையில் ஒரு கேசட். அதை மேஜைமேல் வைத்தார். ஓங்கி அடிக்க நினைத்து, பாதியில் மனம் மாறி மெதுவாக வைத்தது போல இருந்தது.

“அக்கா, என்ற குடும்பத்தையே கெடுத்துப்போட்டீங்கக்கா.”

“உள்ள வா மாப்ள. உக்காந்து திட்டு” என்றார் காத்தான்.

கேசட்டைத் திருப்பிப் பார்த்த வசந்தாமணியின் முகம் மாறிவிட்டது. “இது உங்க ‘வாசல்’ தானுங்க தம்பி. ஒரு பக்கம் முச்சூடும் அதே பாட்டு. நான்தான் போட்டேன்.”

‘வாசல் தெளிச்சு வச்சேன்’ என்று ஒரு சினிமாப் பாட்டு. நாச்சிமுத்துவின் மனைவி சௌந்திரத்துக்கு உயிர். தலைப்பிரசவத்துக்குக் கெங்கவல்லிக்குத் தாய்வீடு போயிருந்தார். பெண் குழந்தை பிறந்தது. தொட்டில் போடுகிற நாளைக்கு அந்தப் பாட்டைப் பதிந்து அனுப்பச் சொல்லியிருந்தார். நாச்சிமுத்துவுக்கு அன்றைக்குப் பம்பாய் லோடு. பதிந்து வாங்கி, இன்னொரு டிரைவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

கெங்கவல்லியில் உறவெல்லாம் கூடியிருக்க, மச்சினன் பெருமையாகக் கேசட்டைப் போட்டிருக்கிறான்.

இங்கேதான் சிக்கல். அந்தப் பாட்டு ஒரே படத்தில் இரண்டு முறை வருகிறது. முதல் பாதியில் கதாநாயகி, ஊருக்குப் போன புருஷன் வரப்போகிறான் என்று துள்ளிக்கொண்டு பாடுகிறாள். கடைசியில், அவன் செத்த செய்தி வந்த பிறகு, அதே அடியை அதே மெட்டில் மெதுவாகப் பாடுகிறாள். தட்டில் இரண்டுக்கும் ஒரே பேர்தான் அச்சாகியிருக்கிறது. தொட்டில் வீட்டில் ஒலித்தது இரண்டாவது. அடுத்த பாட்டு நன்றாக இருக்கும் என்று பொறுத்திருக்கிறார்கள். அடுத்ததும் அதே. அதற்கடுத்ததும் அதே.

மாமியார் சென்னியம்மாள் எழுந்து நிறுத்திவிட்டுச் சொன்னாராம்: “பொட்டப் புள்ள பொறந்துடுச்சின்னு மாப்ள ஒப்பாரி அனுப்பியிருக்காரு, பாருங்க!”

பம்பாயிலிருந்து திரும்பி ஆசையாகப் போன நாச்சிமுத்துவின் கையில் அவர்கள் குழந்தையைக் கொடுக்கவில்லை.

“உங்க ஊட்டம்மா என்ன சொல்லுச்சு?” என்று கேட்டார் வசந்தாமணி.

“ஒரே வார்த்தைதானுங்க்கா. ‘கேட்டுத்தான் அனுப்புனீங்களா?’ன்னு கேட்டுச்சு. கடையில சரியாக் கேட்டு வாங்குனீங்களான்னு கேக்குதுன்னு நான் நெனச்சுப்போட்டேன். ‘ஆமா புள்ள, கேட்டுத்தான் அனுப்புனேன்’னு சொல்லிப்போட்டனுங்க. உடனே உள்ள போயிருச்சு. வெளிய வரவே இல்ல.”

வசந்தாமணி தலையில் கை வைத்துக்கொண்டார். “அட சாமி! பாட்டக் காதால கேட்டுப்போட்டுத்தான் அனுப்புனீங்களான்னு அது கேட்டிருக்குது!”

“திரும்பி வாரப்ப, நாமக்கல் தாண்டித்தானுங்க எனக்கே அது வெளங்குச்சு.”

 வசந்தாமணி மெதுவாக, “அன்னிக்கு உங்களப் பாடச் சொன்னேனே தம்பி. நீங்க இழுத்துத்தான பாடுனீங்க? அதான் சோகப் பாட்டுன்னு எடுத்தேன்” என்றார்.

“வெக்கத்துல இழுத்தனுங்க்கா! பொம்பளைங்க மூணு பேரு நின்னுட்டிருந்தாங்க!”

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியவில்லை. பேரை நம்பக்கூடாது என்று ஊரையே பாட வைக்கிற பெண்மணி. பேரும் ஒன்று, மெட்டும் ஒன்று என்றால் அவர்தான் என்ன செய்வார்?

“இப்பவே சந்தோசப் பாட்டப் போட்டுத் தாரேன்” என்று தட்டை உருவினார்.

“வேண்டாமுங்க. அதக் கொண்டுபோனா, மாட்டிக்கிட்டதும் பயந்து மாத்திக் கொண்டாந்துட்டான்னு எங்க மாமியா சொல்லும். இன்னிக்கு லோடு தம்மம்பட்டி வழியாத்தான் போவுது. கெங்கவல்லியத் தாண்டித்தான் போவோணும். வெறுங்கையோட போயி நின்னா கதவே தொறக்க மாட்டாங்க. கொண்டுபோனா இந்தப் பழி. நானென்ன பண்ணட்டும்?”

“கதவைத் திறவாயோ போட்டுக் கொண்டுபோ” என்றார் காத்தான்.

“நீ சித்த வாய மூடு.” வசந்தாமணி தட்டைப் பாதி உருவி, மறுபடி உள்ளே தள்ளினார். மறுபடி உருவினார். “தம்பி, இன்னொருக்காப் பாடுங்க. உங்க ஊட்டம்மா பாடற மாதிரியே.”

நாச்சிமுத்து பாடினார். முன்னைவிட மெதுவாக வந்தது. மறுபடி பாடினார். இன்னும் மெதுவாக வந்தது.

“மாப்ள, இதுக்கு அந்த ஒப்பாரியே தேவலாம்” என்றார் காத்தான்.

வசந்தாமணி சிரிக்கவில்லை. “அது எங்க வெச்சு இந்தப் பாட்டப் பாடுச்சு?”

“லாரியிலீங்க. கல்யாணம் முடிஞ்சு இதே வண்டியிலதான் கூட்டியாந்தேன். வழி முச்சூடும் இதேதான் பாடிட்டு வந்துச்சு. எனக்கு மொத அடிதான் தெரியும். அதுகூடச் சேந்து நானும் அந்த ஒரு அடியவே பாடிட்டு வந்தேன்.”

“அப்ப வண்டிய எடுங்க.”

“அக்கா?”

“கடையில உங்களுக்குப் பாட்டு வராது. வண்டிய எடுங்கன்னா எடுங்க. காத்தா, ஒரு தட்டயும் தொடாத.”

சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, பேட்டரி போடுகிற சின்ன டேப் ரிக்கார்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் லாரியில் ஏறியதை மோகனூர் பஸ் ஸ்டாண்டே பார்த்தது. எனக்கும் ஓரமாக இடம் கிடைத்தது. பழைய கேசட்டின் மறுபக்கம் காலியாக இருந்தது. அந்தப் பக்கத்துக் காதை அவர் உடைத்திருக்கவில்லை. அதையே திருப்பிப் போட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

ஊருக்குள் ஒன்றும் வரவில்லை. நாச்சிமுத்து கண்ணாடியையும் ஹாரனையும் தொட்டுக்கொண்டே வந்தார். ஊரைத் தாண்டி இரண்டு பக்கமும் கரும்பு தொடங்கியது. கடைசி கியர் விழுந்தது. இன்ஜின் ஒரே சீராக உறுமியது. அவர் எங்களை மறந்துவிட்டார் போலிருக்கிறது. உதடு தானாக அசைந்தது. ‘வாசல் தெளிச்சு வச்சேன்’. வேகமாக, துள்ளிக்கொண்டு வந்தது! ஸ்டியரிங்கில் ஒரு விரல் தாளம் போட்டது. வசந்தாமணி பட்டனை அழுத்திவிட்டார்.

முதல் அடியைத் தவிர மீதியெல்லாம் தன்னன்னாதான். எதிரே கரும்பு வண்டி வந்தால் பாட்டு நின்று ஹாரன் வரும். ஹாரன் நின்று பாட்டு வரும். அப்புறம் எங்கிருந்தோ அவருக்குச் சொந்தமாக ஒரு வார்த்தை வந்தது. “எம் புள்ள வருதுன்னு வாசல் தெளிச்சு வச்சேன்.” அதைச் சொன்னதும் குரல் இழுத்தது. வண்டி அதே வேகத்தில்தான் போனது. பாட்டு மட்டும் மெதுவாகிவிட்டது. அது சந்தோஷமா சோகமா என்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை.

வசந்தாமணி அவரைப் பார்க்காமல் கரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்குத் திரும்பிப் போட்டுக் கேட்டோம். இன்ஜின் இரைச்சல், ஹாரன், நடுவில் ஒரு ஆம்பிளையின் கரகரத்த குரல். காத்தான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். கேலி வரவில்லை, கேள்விதான் வந்தது.

“இது எந்தப் பாட்டுங்க்கா? சந்தோசப் பாட்டா, சோகப் பாட்டா?”

“தெரியலடா” என்றார் வசந்தாமணி. “தம்பி வேகத்துக்குப் பாடுச்சா, பாட்டுக்கு ஓட்டுச்சா, அதுவே தெரியல.”

கேசட்டின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் பழைய பேரை அடிக்காமல், பக்கத்தில் ‘நாச்சிமுத்து வாசல்’ என்று எழுதினார். அந்தக் கடையில் ஒரு பாட்டுக்குப் பேர் வைத்ததை அந்த ஆளே பார்த்தது இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

“இந்தவாட்டி நான் முழுசும் கேட்டுப்போட்டேனுங்க்கா” என்றார் நாச்சிமுத்து. “காதால.”

கெங்கவல்லியில் கதவு திறந்ததா, குழந்தையைக் கையில் கொடுத்தார்களா, எனக்குத் தெரியாது. லாரி இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும். மோகனூர்ப் பக்கம் போகிறவர்கள் எனக்காகக் கொஞ்சம் இறங்கி, பஸ் ஸ்டாண்டை ஒட்டிய அந்த ஒற்றைக் கதவுக் கடையில் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்வதற்கு முன்னால் உங்களைப் பாடச் சொல்வார். கூச்சப்பட்டு இழுத்துவிடாதீர்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கிளம்பும்போது நாச்சிமுத்து கேசட்டுக்குக் கை நீட்டினார். “இருங்க” என்று வசந்தாமணி பழக்கத்தில் கொண்டை ஊசியை உருவி, புதிதாகப் பதிந்த பக்கத்துக் காதின் மேல் வைத்தார். அழுத்தப் போனவர் நின்றார். கேசட்டை வெளிச்சத்துக்குத் திருப்பி ஒருமுறை பார்த்தார். பிறகு ஊசியைத் திரும்பவும் கொண்டையில் சொருகிக்கொண்டு, காதோடு அதை அவர் கையில் கொடுத்தார்.