ரத்தம் கொடுக்க வந்த நைனா

இன்று எங்கள் கல்லூரியில் ரத்ததான முகாம். ஆளுக்கு ஒருவரையாவது ஊரிலிருந்து அழைத்துவரும்படி மாணவர்களிடம் சொன்னது நான்தான்.

பொதட்டூர்பேட்டையிலிருந்து வரும் கவிதா, தறி ஓட்டும் தன் அப்பாவையே கூட்டிவந்தாள்.

ரத்தம் கொடுத்துவிட்டு எழுந்தவர், இரண்டடி நடந்ததும் அப்படியே சரிந்தார்.

"நைனா! நைனா!"

அவள் அலறியதும் ஓடிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வேன்?

நர்ஸ் அவர் கால்களை உயர்த்திப் பிடித்தார். ஒரு நிமிடத்தில் கண் திறந்தார்.

"காலைல என்ன சாப்ட்டீங்க?" என்றேன்.

"ஒண்ணும் துன்னல மேடம். சாப்ட்டியான்னு கேட்டாங்க. இல்லன்னு சொன்னா அனுப்பிடுவாங்களே! எம் பொண்ணு கூட்டினு வந்த ஆளு நான் ஒருத்தன்தான். ஆங்னு சொல்லிட்டேன்."

வீட்டுக்கு வந்தும் படபடப்பு அடங்கவில்லை. அடுத்த முகாமில் வாசலிலேயே இட்லி வைக்கப் போகிறேன். சட்னிக்கு யார் பொறுப்பு?