தைல அபிஷேகம்

கோடாலி மரத்தில் படவில்லை. என் காலில் பட்டது. வலது கால், முழங்காலுக்குக் கீழே.

நயா பைசா வந்த புதிது. கோடைக்கானலுக்கு மேற்கே ஒரு தைல அடுப்பில் வேலை பார்த்தேன். யூக்கலிப்டஸ் இலையைச் செப்பு அண்டாவில் திணித்து, தண்ணீர் ஊற்றி மூடி, அடியில் தீ போடுவோம். ஆவி குழாய் வழியே ஓடைத் தண்ணீருக்குள் போய்க் குளிர்ந்து தைலமாக வடியும். தீக்கு விறகு வெட்டுவது நான்.

காயத்தில் தைலம் ஊற்றினேன். புகையிலை வைத்துக் கட்டினேன். மூன்று நாள் நொண்டிக்கொண்டே வெட்டினேன். நான்காம் நாள் வீங்கியது. இரண்டாம் வாரம் நாறியது. எங்கள் வீட்டுத் தைல வாடையை மீறி நாறியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மச்சினன் என்னை முதுகில் தூக்கிக்கொண்டு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனான். நர்ஸம்மா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "பத்து நாள் ஊசி போடுறேன். இந்தக் கருப்பு மேல ஏறுச்சுன்னா மதுரைக்குத்தான் போகணும். அங்க முழங்காலோட எடுத்துருவாங்க" என்றார்.

"எடுத்தா எடுக்கட்டும் மச்சான். எனக்குத் தூக்கக் கனம் கொறையும்" என்றான் மச்சினன். ஆனால் பத்து நாளும் அவன்தான் தூக்கினான்.

ஒற்றைக் காலனுக்கு மலையில் பிழைப்பு கிடையாது. கீழே என்றால் உட்கார்ந்த இடத்தில் பீடி சுற்றலாம். இங்கே வாசலைத் தாண்டினால் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம்.

மனைவி சொன்னாள்: "உபதேசியாரக் கூப்பிட்டு எண்ணெய் பூசி ஜெபம் பண்ணுவோங்க."

எங்கள் சபையில் அதற்கு ஒரு முறை உண்டு. உபதேசியாரும் மூப்பரும் வீட்டுக்கு வருவார்கள். நோயாளி முதலில் தன் பாவத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு நெற்றியில் எண்ணெய், தலையில் கை, ஜெபம். பாவத்தை மறைத்தால் சுகம் வராது என்பார்கள். எனக்கு இதிலெல்லாம் பழக்கமில்லை. சபையில் கதவோரம் கிடக்கும் கடைசிப் பாய் என்னுடையது.

உபதேசியார் மலைச்சரிவில் கீழே அடுக்கம் என்ற ஊரில் குடியிருந்தார். அங்கிருந்து நடந்தே மேலே வந்து, எங்களைப் போன்ற சின்னச் சபைகளைப் பார்த்துக்கொண்டார். நல்ல மனிதர். ஆனால் அவருக்கு ஒரு சேவல் துக்கம் இருந்தது. முந்தின வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு ஒருவர் காணிக்கையாகக் கொடுத்த சேவல், ஏலம் விடுவதற்கு முன்னால் கோயில் பின்புறத்திலிருந்து காணாமல் போனது. அறுந்த கயிறுதான் மிச்சம். அன்றிலிருந்து அவர் பல்வலிக்கு ஜெபித்தாலும், "மறைவான களவுகளை வெளிப்படுத்தும் ஆண்டவரே" என்று வந்து நிற்பார். அப்போது அவருடைய ஒரு கண் திறந்திருக்கும்.

ஊசி ஆரம்பித்து ஏழாம் நாள் சாயங்காலம் அவரும் மூப்பரும் வந்தார்கள்.

"எண்ணெய் கொண்டாம்மா" என்றார் உபதேசியார்.

மனைவி தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டு விழவில்லை. மார்கழிக் குளிரில் கல்லாக உறைந்து போயிருந்தது. அடுப்பில் காட்டி இளக்கலாம் என்றால் அடுப்பு அணைந்து கிடந்தது. விறகு வெட்டுகிறவன் படுத்துவிட்டான். வீட்டில் இருந்ததெல்லாம் ஈரக் கட்டை.

"கக்கத்துல வச்சிருந்தா இளகிரும்" என்றார் மூப்பர்.

"எம்புட்டு நேரம் வைக்கிறது? மஞ்சு எறங்கி வழிய மறைக்குது. நான் வெரசாக் கெளம்பணும்."

"வெளக்கெண்ணெய் இருக்குங்க" என்றாள் மனைவி.

"அது வேற சோலிக்கு" என்றார் உபதேசியார்.

மூப்பர் மூலையைக் காட்டினார். "அந்தா தைலம் கெடக்குல்ல, பாட்டில் பாட்டிலா."

உபதேசியார் வேதப் புத்தகத்தைப் பிரித்து, விரல் வைத்துப் படித்தார். "எண்ணெயின்னுதான் போட்டிருக்கு. என்ன எண்ணெயின்னு போடல."

"உபதேசியாரே, அது கண்ணுல..." என்றேன்.

"விசுவாசம் வேணும் தம்பி. கண்ண மூடு."

பூசுவார் என்று நினைத்தேன். ஊற்றினார். அடுத்தவன் பொருளில் தாராளமான மனுஷன். நெற்றியிலிருந்து இறங்கியது இரண்டு கண்ணுக்குள்ளும் போனது. மிளகாயை அரைத்து அப்பிய மாதிரி இருந்தது. கண்ணீர் தாரையாக ஓடியது.

மூப்பர் கத்தினார். "இவன் அழுகுறாண்டோய்! ஆத்தா செத்தன்னைக்கே அழுகாத பய! கல்லு கரையுது!"

உபதேசியார் என் தலையை அமுக்கிப் பிடித்தார். "இதான் நேரம் தம்பி. சொல்லிரு. பொய் பேசியிருக்கியா?"

"ஆமா. துணி குடுங்க."

"ஓய்வு நாள்ல வேலைக்குப் போயிருக்கியா?"

"ஆமா. துணி."

அவர் குரல் இறங்கியது. "அந்தச் சேவல எடுத்தியா?"

"ஆமா, ஆமா! ஒரு துணி குடுங்களேன்!"

"ஸ்தோத்திரம்!" என்றார். கூரை அதிர்ந்தது.

பிறகு ஜெபித்தார். அதில் காலுக்கு இரண்டு வரி. மீதியெல்லாம் சேவலுக்கு. முடித்துவிட்டு இருவரும் சந்தோஷமாக மஞ்சுக்குள் இறங்கிப் போனார்கள்.

மனைவி என் கண்ணைக் கழுவினாள். கழுவிய பிறகும் கொஞ்ச நேரம் வடிந்தது. தைலம் அப்படித்தான்.

"நெசமாவே சேவல எடுத்தீங்களா?"

"இல்ல."

"பெறகு ஏன் ஆமான்னீங்க?"

"கண்ணு எரிஞ்சுச்சு."

அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "பொய்யாப் பாவ அறிக்கை பண்ணிட்டு ஜெபம் வாங்கியிருக்கீங்க. இதுல காலு எப்படி நல்லாகும்?"

அந்தப் பயம் எனக்கும் வந்துவிட்டது. கருப்பு அன்றைக்கு முழங்காலுக்கு நாலு விரல் கீழே நின்றது. நானே விரல் வைத்துப் பார்த்தேன்.

விடிவதற்குள் அவள் வழி கண்டுபிடித்துவிட்டாள். "எடுத்தேன்னு சொல்லிட்டீங்க. அப்ப ஒரு சேவலத் திருப்பிக் குடுத்துருவோம். சொன்னது நெசமாயிரும்ல? ஆனா காலு நல்லாகி நீங்களே நடந்து போயிக் குடுக்கணும்."

சரி என்றேன்.

பத்தாம் நாள் நர்ஸம்மா மூக்கைச் சுளித்தார். "யாரு இவரு தலையில தைலத்தக் கொட்டுனது?" என்று கேட்டுவிட்டுக் கட்டைப் பிரித்தார். அமுக்கினார். வலித்தது. வலித்தால் நல்லது என்றார். கருப்பு கீழே இறங்கியிருந்தது.

"மதுரை வேணாம்."

மச்சினன் என்னைப் பார்த்தான். "அப்ப எறங்கு மச்சான். நடந்து வா" என்றான். அப்புறம் தூக்கிக்கொண்டான்.

உபதேசியார் இதைக் கேள்விப்பட்டு அபிஷேகத்தின் வல்லமை என்றார். நர்ஸம்மாவுக்கு அது எட்டியது. "என் ஊசி என்ன சும்மாவா? நானும் ஜெபம் பண்ணிட்டுத்தான் போட்டேன்" என்றார். மச்சினன் தன் முதுகைத் தடவிக் காட்டினான். எல்லோருக்கும் சரி என்று சொல்லி வைத்தேன்.

பங்குனியில் கம்பு ஊன்றாமல் நடந்தேன். ஒரு சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெள்ளனே அடுக்கம் இறங்கினேன்.

அங்கே உபதேசியார் காய்ச்சலில் போர்த்திப் படுத்திருந்தார். சேவலைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆனது. அப்புறம் சொன்னார்: "தம்பி, எனக்கு ஒரு ஜெபம் பண்ணு."

எனக்கு ஜெபிக்க வராது. முறை மட்டும் தெரியும். அதன்படி கேட்டேன். "மறைச்ச பாவம் ஏதும் இருக்கா உபதேசியாரே?"

அவர் சம்சாரம் சிரித்துவிட்டார். "சொல்லுங்க. இப்பவாச்சும் சொல்லுங்க."

உபதேசியார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். "பண்டிகை முடிஞ்ச மூணாம் நாளே பொதருக்குள்ள றெக்கையப் பாத்தேன். காட்டுப்பூனை. அதுக்குள்ள ஊரையே திருடன்னு பேசிட்டேன். யாராச்சும் ஒருத்தன் எடுத்தேன்னு சொல்லிட்டா நல்லாருக்குமேன்னு..."

"எண்ணெய் இருக்காம்மா?" என்று கேட்டேன். அடுக்கத்தில் எண்ணெய் உறைவதில்லை. ஒரு சொட்டு வைத்தேன். ஒரு சொட்டுதான்.

"ஆண்டவரே, இவரு காய்ச்சல எடுத்துரும். ஆமென்."

"அம்புட்டுத்தானா?" என்றார்.

"அம்புட்டுத்தான்."

சேவலைத் திரும்பக் கொண்டு போகலாமா என்று பார்த்தேன். அந்தம்மா அதற்குள் அதைக் கட்டில் காலில் கட்டிவிட்டார்.

மேலே ஏறும்போது வலித்தது. மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். காலை நீட்டி விரல்களை அசைத்துப் பார்த்தேன். ஐந்தும் அசைந்தன.

"குடுத்துட்டீங்களா?" என்றாள் மனைவி.

"குடுத்துட்டேன்."

காட்டுப்பூனையைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அறிக்கை மறுபடி பொய்யாகிவிட்டது என்று பயப்படுவாள். புதிதாக அறிக்கை பண்ண என்னைத் திரும்ப அடுக்கம் போகச் சொல்வாள். கால் தாங்கும். எனக்குத்தான் மனமில்லை.