பூம்பாறைப் பூண்டும் பெரு நாட்டுக் கோழியும்

சமையல் வேலைக்கு வந்த நாள்முதல் ஓய்வுபெறும்வரை எந்த முதலாளியிடமும் "தெரியாது" என்று நான் சொன்னதில்லை. என் முட்டாள்தனங்களில் மூத்தது அதுதான். புதிதாக அடுப்படிக்கு வரும் தம்பிகள் அதைத் தொட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அப்போது கொடைக்கானலில் ஒரு ஹோம்ஸ்டேயில் நான் குக். திண்டுக்கல்காரர் கதிரும் அவர் மனைவி லூசியாவும் ஒரு மாதம் தங்க வந்தார்கள். லூசியா பெரு நாட்டுப் பெண்; கொஞ்சம் தமிழ் பேசுவாள். மூன்று மாதக் கர்ப்பம். ஐந்து நாளாக என் இட்லி, கஞ்சி, சூப் எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன. அந்தப் பெண் முகம் சுண்டிப்போய்க் கிடந்தாள்.

கதிர் அடுப்படிக்கே வந்துவிட்டார். "அண்ணே, அவ ஊரு ரோஸ்ட் கோழின்னா சாப்புடுவேங்கிறா. கூட உருளைக்கெழங்கும் வேணுமாம். செய்யத் தெரியுமாண்ணே?"

"பெரு கோழிதானங்க? எத்தனை செஞ்சிருக்கேன்!"

பெரு எந்தத் திசையில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. நல்லவேளை, அவரே செய்முறையைத் தாளில் எழுதிக் கொடுத்தார். சீரகம், மிளகு, சோயா சாஸ், எலுமிச்சை, பூண்டு பத்துப் பல்.

அன்று பார்த்துக் காற்றில் மரம் சாய்ந்து கரண்ட் இல்லை, ஓவன் படுத்துவிட்டது. கோழியை வீட்டுக்குத் தூக்கிப் போனேன். அங்கே விறகடுப்பு; இரும்புச் சட்டியில் வைத்து, மூடிமேல் கரிக்கங்கு கொட்டினால் ஓவன்தான். வெள்ளைக்காரர் காலத்து மலை பங்களாக்களில் கேக் சுட்ட வழி அது.

என் மனைவி பேச்சியம்மா, பூண்டுக்குப் பேர்போன பக்கத்து மலைக் கிராமமான பூம்பாறைக்காரி. வீட்டில் அந்த ஊர்ப் பூண்டுதான்; காரம் மூக்கில் ஏறும். ஊர்ப் பெருமைக்கு ஐந்து பல் கூடவே போட்டு நசுக்கினேன்.

"ஏங்க, அது எங்கூருப் பூண்டுங்க. பாதி போதும்."

"உனக்குப் பெரு தெரியுமா?"

"பூண்டு தெரியும்."

கிழங்கைத் தனியாகப் பொரிக்கலாம் என்றேன். அவள் காதில் வாங்காமல், தோலோடு இரண்டாகப் பிளந்து கோழிக்கு அடியில் பரப்பினாள். "கொழுப்பு அதுல எறங்கட்டும். நீங்க கங்கப் பாருங்க."

பார்த்தேன். வெரசாக வேகட்டும் என்று மூடிமேல் இன்னும் இரண்டு கரண்டி கங்கு அள்ளிக் குவித்தேன். மூடியைத் திறந்தால், மேலே பூண்டு கரிந்து தார் ரோடு.

வேறு கோழி வாங்க நேரமில்லை. அப்படியே கொண்டுபோய் வைத்தேன். சும்மா இருந்தேனா? "எங்க மலைக் கெழங்குமா. உங்க ஊர்ல இதெல்லாம் கெடைக்குமா?"

கதிர் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணே, உலகத்துக்கே கெழங்கு குடுத்தது அவ ஊரு பக்கந்தாண்ணே!"

லூசியா கோழியில் ஒரு வாய் எடுத்தாள். முகம் கோணியது. தண்ணீர் குடித்தாள். நான் சுவரைப் பார்த்தேன். பிறகு கிழங்கில் ஒரு துண்டு. இன்னொன்று. கதிர் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசித் துண்டால் தட்டை வழித்துச் சாப்பிட்டாள்; எதுவும் திரும்பி வரவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தம்பிகளே, தாளில் இருக்கும் அளவு தாளில் இருக்கும் பூண்டுக்கு. கையில் இருக்கும் பூண்டைப் பற்றி அதை அறிந்தவரிடம் கேளுங்கள். இது இப்போது வந்த புத்தி. அப்போது எனக்கு வந்தது தலைக்கனம்தான்.

"எப்புடிம்மா நம்ம கைப்பக்குவம்?" என்றேன்.

லூசியா நிமிர்ந்து பார்த்தாள்.

"கிழங்கு யாரு செஞ்சது?"